பைப் வைத்துக் கட்டிய கரும்புத் தொட்டில்

லாட்ஜில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் சிலர் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அப்படிப் பார்க்கிறவர்கள்தான் தீபம் வந்தால் ரூம் கேட்டு எனக்குப் போன் போடுகிறார்கள். நான் ஓய்வு பெற்று வேங்கிக்காலில் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும் போடுகிறார்கள். "உங்க பேரச் சொன்னா குடுப்பாங்களாமே" என்கிறார்கள். கொடுக்க மாட்டார்கள். என் பேரைச் சொன்னால் இருக்கிற ரூமையும் பூட்டிவிடுவார்கள். அவ்வளவு நல்ல பேர் எனக்கு.

இப்போது என் இடத்தில் இருக்கும் மேகலா, நான் வேலைக்கு எடுத்த பெண். போன வாரம் வந்து, "அக்கா, இப்பல்லாம் எல்லாரும் போன்லயே ரூம் போட்டுட்டு வர்றாங்க. தீபத்துக்கு எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன், புதுசா வந்ததுங்களுக்குப் படிச்சுக் காட்றேன்" என்றாள். போனில் போட்டால் என்ன, நேரில் வந்து கேட்டால் என்ன? வருகிறவனுக்குக் கால் இரண்டுதான், அதில் அழுக்கு நிறையத்தான். எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

எங்கள் லாட்ஜ் பழைய கட்டடம். ஒரு காலத்தில் சத்திரமாக இருந்தது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் கல் தூண்கள், மாடியில் ரூம்கள், அதற்கு மேலே மலையைப் பார்த்தபடி மொட்டை மாடி. தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து, குடும்பத்தில் கஷ்டம் வந்தபோது அங்கே பெருக்கித் துடைக்கப் போனேன். பெருக்கினேன், துவைத்தேன், சண்டை போட்டேன், சூப்பர்வைசர் ஆனேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இந்த ஊரில் வெயில் காலம், மழைக் காலம் என்றெல்லாம் லாட்ஜுக்குக் கிடையாது. எங்களுக்கு இருந்த காலங்கள் வேறு. மாதத்துக்கு ஒரு பௌர்ணமி. கார்த்திகையில் தீபம். அது முடிந்து மார்கழி, தையில் வெள்ளைக்காரர்கள். அவர்கள் போனதும் பங்குனியிலிருந்து மெத்தைக் காலம். மெத்தை, தலையணை எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயப்போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் கால்களைத் திருகி இறுக்குகிற காலம். ரூமெல்லாம் காலியாக, ஜன்னலெல்லாம் திறந்து, மெத்தையைக் குச்சியால் அடிக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷம் எந்தத் திருவிழாவிலும் இல்லை. கோபமெல்லாம் அந்த மெத்தையில் இறங்கிவிடும்.

பௌர்ணமிக்கு ஒரு முறை வைத்திருந்தேன். மலையைச் சுற்றிவிட்டு விடிகாலையில் வெறுங்காலோடு வருவார்கள். தார், சாம்பல், வாழைப்பழத் தோல் எல்லாம் காலில் இருக்கும். வாசலிலேயே வெந்நீர் அண்டா, பக்கத்தில் ஈரச் சாக்கு, அதற்கடுத்துக் காய்ந்த சாக்கு. மூன்றையும் தாண்டாமல் படி ஏற முடியாது. பெரிய பதவியில் இருக்கிறவர்களும் கழுவித்தான் ஏறினார்கள். அன்றைக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு கிடையாது. கெட்டிக் கரும்பச்சைத் துணிதான். அதையும் நான்கு மூலையிலும் மெத்தைக்கு அடியில் முடிச்சுப் போட்டுத்தான் விரிக்க வேண்டும். முடிச்சில்லாத விரிப்பு, ஒருவர் புரண்டு படுத்தாலே கழன்று தரையில் கிடக்கும். அந்த முடிச்சு எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது. ஆனால் ஒரு நுனியைப் பிடித்துத் தட்டினால் உடனே விட்டுவிடும். அதை மேகலாவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எழுதிக் காட்ட முடியாது.

எங்கள் மேனேஜர் தணிகாசலம் எனக்கு நேர் எதிர். குரல் உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. துவைத்து வந்த துண்டைக் கையால் தொட்டுப் பார்க்க மாட்டார், முகர்ந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கூடையில் போடுவார். அந்தச் சத்தமில்லாத போடுதல் எனக்குச் செருப்படி மாதிரி இருக்கும். கத்திக்கொண்டு வருகிறவனிடம், "முதல்ல உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். உட்கார்ந்தால் பாதிக் கோபம் போய்விடும் என்பது அவர் கணக்கு. எனக்குப் போகாது. நான் உட்கார்ந்தும் கத்துவேன்.

ஒரு மார்கழியில் ஒரு வெள்ளைக்காரர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் மலை நன்றாகத் தெரியும். கீழே தண்ணீர் நின்றுவிட்டது. லாட்ஜுக்குப் பிளம்பிங்கும் எலக்ட்ரிக் வேலையும் பார்த்த பாஷா பாய் ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தச் சந்தில்தான் இருக்கிறது.

"தட்டி எழுப்பு பாய்" என்றேன்.

"சாமி கும்பிடற ஆள எப்படிம்மா தட்டறது? பாவமில்ல?"

"மூடியோட சேர்த்துத் தூக்கிடு."

"கனம் ஜாஸ்தி."

மேனேஜர் வந்தார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அந்த ஆளுக்கு எதிரே போட்டு, அவரும் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரர் ஒரு கட்டத்தில் கண்ணைத் திறந்து, எதிரில் ஒரு பெரிய மனிதர் தியானத்தில் இருப்பதைப் பார்த்துப் பயந்து, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். "போயிட்டாரா?" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தார் மேனேஜர். பாஷா பாய் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்கத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சரி, தீபத்துக்கு வருகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மலையில் தீபம் ஏற்றும் நாளைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். எங்களுக்குத் தலைவலி அதற்கு முன்னால் வரும் தேர் அன்றைக்குத்தான். பெரிய தேர் மாட வீதிகளைச் சுற்றி வர ஒரு பகல் முழுக்க ஆகும். அன்றைக்குத்தான் கரும்புத் தொட்டிலும். குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள், பிறந்த பிறகு கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் புடவையைத் தூளி மாதிரி தொங்கவிட்டு, குழந்தையை உள்ளே போட்டுத் தோளில் தூக்கி மாட வீதியைச் சுற்றுவார்கள். அப்பன் முன்னால், அம்மா பின்னால். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் தொட்டில் வருகிறது என்றால் ஜனங்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். போலீசுக்கு ஒதுங்காதவனும் தொட்டிலுக்கு ஒதுங்குவான்.

எங்கள் முற்றத்தில்தான் நிறையப் பேர் தொட்டில் கட்டினார்கள். எனக்குப் பிடிக்காது. கரும்புத் தோகையை வெளியிலேயே வெட்டிவிட்டு வர வேண்டும், அடி வேரைக் கழுவிவிட்டு வர வேண்டும், தரையில் சாக்கு விரித்துத்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் எறும்பு ரூம் வரை போய்விடும்.

ஒரு வருஷம் ஆரணியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். லோகநாதன், சுமதி. பட்டுத் தறி நெய்கிறவர்கள். அவளைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நிறைமாத வயிறு.

"ஏம்மா, அறிவு இருக்குதா? இந்தக் கூட்டத்துல வயித்தத் தள்ளிக்கிட்டு எவ வருவா?"

"டாக்டர் அடுத்த மாசம்னு தேதி குடுத்திருக்காங்கக்கா" என்றாள். "கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு நின்னது. அடுத்த வருஷம் நாங்க தொட்டில் கட்டணும். எப்படிக் கட்டறாங்கன்னு பாத்துக்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

"இதுக்குப் போன்ல வீடியோ பாத்தா ஆகாதா?"

"நேர்ல பாத்தா மாதிரி இருக்குமாக்கா?"

கீழ்த்தளத்தில் முற்றத்தை ஒட்டிய ரூமைக் கொடுத்தேன். மாடி ஏறக் கூடாது, தெருவுக்குப் போகக் கூடாது என்று லோகநாதனிடம் விரலை ஆட்டிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுகிற ஆள்.

தேர் அன்றைக்குக் காலையில் செங்கத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் முற்றத்தில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தது. சுமதி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பெண் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "கரும்பு நுனி முன்னால வரணும், அடி பின்னால" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எறும்பைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, சுமதி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

"என்னா?"

"ஒன்னுமில்லக்கா. காலைல பொங்கல் சாப்பிட்டேன், வாயுவா இருக்கும்."

நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. இரண்டு பெற்றவள் நான். வாயு இல்லை என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் உடனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். தேர்த் திருவிழாவுக்காகக் கிழக்கு முனையில் ஒன்று நிறுத்தியிருந்தார்கள். நடந்தால் சீக்கிரம் போய்விடுகிற தூரம்தான். ஆனால் பெரிய தேர் எங்கள் சந்து முனைக்குச் சற்றுக் கிழக்கே, எங்களுக்கும் ஆம்புலன்சுக்கும் சரியாக நடுவில் வந்து நின்றுவிட்டது. வீதி முழுக்கத் தேரும் சங்கிலியும் ஜனங்களும். ஸ்ட்ரெச்சரோடு கிளம்பிய இரண்டு பேர் தேருக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் சிக்கிக்கொண்டார்கள். போனில் அவர்கள் பேசுவதைவிட அரோகரா சத்தம்தான் கேட்டது.

"பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார் மேனேஜர். ஆனால் அவர் முகத்தில் ரத்தமில்லை. சுமதிக்கு வலி விட்டு விட்டு, அதுவும் நெருங்கி நெருங்கி வந்தது. லோகநாதன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். "தலையாட்டாத, போய் அவ கையப் புடி" என்றேன்.

பாஷா பாய்தான் கரும்பைப் பார்த்தார். "தொட்டில் போனா வழி விடுவாங்க இல்ல?"

"அது கைக்குழந்தைக்குப் பாய். இவளத் தாங்குமா?"

"கரும்பு தாங்காது. பைப்பு தாங்கும்."

மொட்டை மாடி வேலைக்கு வாங்கி வைத்திருந்த நீள இரும்புப் பைப்பை எடுத்துவந்தார். அதைச் சுற்றிக் கரும்பை வைத்துக் கட்டிவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் கரும்பு செங்கத்துக்காரருடையது.

அந்த மனிதர் தயங்கினார். "எங்க பையனுக்குன்னு வேண்டிக் கட்டினதுங்க. கட்டினத அவுக்கக் கூடாதுங்க..."

அவர் பேசி முடிக்கவில்லை, அவர் மனைவி கயிற்றை அறுத்தாள். "நம்ம புள்ள பொறந்தாச்சு. அது இன்னும் பொறக்கல. புடிய்யா இந்தப் பக்கம்!"

மஞ்சள் புடவை சுமதியைத் தாங்காது. நான் இரண்டு கரும்பச்சை விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கரும்பு கட்டிய பைப்பில் என் முடிச்சைப் போட்டேன். சுமதியை உள்ளே படுக்கவைத்து, மேலே மஞ்சள் புடவையைச் சுற்றினோம். பாஷா பாயும் ரூம் வேலை பார்க்கும் ஏழுமலையும் முன்னால் தோள் கொடுத்தார்கள். பின்னால் லோகநாதனும் செங்கத்துக்காரரும். அவர் மனைவி தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் கைகூப்பிக்கொண்டு நடந்தார். நான் சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்.

சந்து முனைக்கு வந்ததும் வழி திறந்தது. தொட்டிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள், பூ போட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. கிழக்கே திரும்பினோம். அவ்வளவுதான், வந்த உயிர் திரும்பவும் போய்விட்டது.

"ஏய், எங்க போறீங்க? தொட்டில இடமா தூக்கிட்டுப் போறாங்க பாரு!" என்றார் ஒருவர். சாமியை வலமாகத்தான் சுற்ற வேண்டும். தொட்டில் தேர் வருகிற திசைக்கு எதிரே போகவே கூடாது. அது எனக்கும் தெரியும், அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அந்த அவசரத்தில் எங்களில் ஒருத்தருக்கும் நினைவில் இல்லை. நான்கு பக்கத்திலிருந்தும் கைகள் பைப்பைப் பிடித்து, தொட்டிலை அப்படியே மேற்கே திருப்பிவிட்டன. அன்போடுதான் திருப்பினார்கள். ஒரு பெரியவர் எனக்கு விபூதிகூடப் பூசினார்.

"உள்ள பொம்பள இருக்காய்யா! ஆஸ்பத்திரிக்குப் போவணும்!" என்று கத்தினேன். என் குரலுக்கு லாட்ஜே நடுங்கும். அன்றைக்கு மேளத்தில் அது எனக்கே கேட்கவில்லை. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். நல்லவேளை, சாமி ஊர்வலத்தில் அதுவும் கேட்கவில்லை.

மேனேஜர் திரும்பி என் காதருகே வந்தார். "விஜயாம்மா, விட்டுடுங்க. பே கோபுரத்தாண்ட மருத்துவ முகாம் டென்ட் போட்டிருக்காங்க, டாக்டரம்மா இருக்காங்க. தூரம்தான். ஆனா இந்தப் பக்கம்தான் நம்மள விடறாங்க. இப்படியே போலாம்."

பே கோபுரம் என்றால் மேற்குக் கோபுரம் வரை. கிழக்கே போவதைப்போலப் பல மடங்கு தூரம். சுமதி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனோம்.

வழியெல்லாம் பெண்கள் எட்டிப் பார்த்துக் குழந்தையைத் தொட்டுக் கும்பிட வந்தார்கள். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் புடவையை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"இன்னாம்மா இது, இவ்ளோ பெரிய புள்ள!"

சுமதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "புள்ள இன்னும் வெளிய வரலக்கா!"

அந்த அம்மாளுக்கு ஒரு நொடிதான். கூடையை அப்படியே போட்டாள். "டேய், நவுருங்கடா! பிரசவம்டா! புள்ள உள்ள கீது!" என் தொண்டை எல்லாம் என்ன தொண்டை! அவள் குரல் மேளத்தைத் தாண்டியது. பக்கத்தில் இருந்த பெண்கள் கை கோத்தார்கள். அவர்களைப் பார்த்து முன்னால் இருந்தவர்கள் கோத்தார்கள். எங்களுக்கு முன்னாலேயே செய்தி ஓடியது. வீதி திரும்புமிடத்தில் நாங்கள் போவதற்குள் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வழி இருந்தது. ஒருவர் விசிறிக்கொண்டே வந்தார். ஒருவர் மோர் கொடுத்தார். பாஷா பாய் தோளை மாற்றாமல், "ஓரம், ஓரம், பைப்பு இடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பைப்பா என்று யாரும் கேட்கவில்லை.

டென்டில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். தொட்டிலைப் பார்த்ததும் எரிச்சலோடு, "வேண்டுதல்லாம் வெளியில வெச்சுக்கங்க, இது முகாம்" என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. முடிச்சு நுனியைத் தட்டினேன். விரிப்பு விட்டது, சுமதி நேராக அவர்கள் கட்டிலில் இறங்கினாள். டாக்டர் ஒரே பார்வைதான் பார்த்தாள். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய! நீங்க மட்டும் நில்லுங்கம்மா. தலையப் புடிச்சுக்கங்க."

குழந்தை பிறந்தது. அழவில்லை. டாக்டர் அதைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். சுமதி, "ஏன்கா சத்தமே இல்ல? ஏன்கா?" என்று என்னைக் கேட்டாள். நான் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் மறுபடி சுண்டினாள். அப்புறம் அது அழுதது பாருங்கள், டென்டுக்கு வெளியே நின்ற பாஷா பாய், "இது விஜயா மாதிரி இல்ல இருக்கு" என்றார். பெண் குழந்தை.

அந்த நிமிஷத்தில்தான் நின்றிருந்த தேர் நகர்ந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். பொய். தேர் அதற்கப்புறமும் வெகுநேரம் அங்கேயேதான் நின்றது. நான் போய்ப் பார்த்தேன்.

வெளியே மேனேஜர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி தேடவில்லை. லோகநாதனைப் பக்கத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் இரண்டு பேரையும் திட்டினேன். திட்டும்போது எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வேறு விஷயம்.

செங்கத்துக்காரர்கள் கரும்பைப் பைப்பிலிருந்து அவிழ்த்து, மறுபடி கட்டி, தங்கள் பையனைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே கிளம்பினார்கள். கூட்டம் அவர்களுக்கு ராஜ மரியாதை கொடுத்தது. பாஷா பாய் பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினார். வெறும் பைப்புக்கு யாரும் வழி விடவில்லை என்று அன்றைக்கெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் தேர் அன்றைக்கு ஆரணிக்காரர்கள் கரும்போடு வந்தார்கள். தோகை வெட்டி, வேர் கழுவி, சாக்கோடு வந்தார்கள். திட்டுவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் முற்றத்தில் கட்டிய தொட்டிலைச் சுமதி காலியாகவே தூக்கச் சொன்னாள். பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்து வழியாக முகாம் இருந்த இடம் வரை போய், அங்கேதான் அவளைத் தொட்டிலில் போட்டாள். "முழுசா சுத்தினாத்தானேம்மா வேண்டுதல்?" என்றேன். "முழுசாத்தான்கா சுத்தறேன்" என்றாள்.

பே கோபுரத்துக்கு எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த வேறொரு பெண் எங்களை நிறுத்தினாள். "ஏங்க, நடுவுல இருந்தா தூக்கறது? ஆரம்பத்துல இருந்து வர வேணாம்?"

"இதுவரைக்கும் இவ போன வருஷமே வந்துட்டாக்கா" என்றாள் சுமதி.

அந்தப் பெண் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தைக்கு இன்னும் நான்கு பல்கூட முளைத்திருக்கவில்லை. விரலை மடக்கி மாதக் கணக்குப் போட ஆரம்பித்தாள். அவள் போட்டு முடிப்பதற்குள் நாங்கள் வடக்கு வீதி திரும்பிவிட்டோம்.